வீடிழந்த குடும்பத்திற்கு நம் கடமை



2023 அக்டோபரில் மூண்ட போரில் காஸா மக்களுள் ஏறத்தாழ 19 இலட்சம் பேர், அதாவது பத்தில் ஒன்பது பேர், வீடுகளை விட்டு இடம்பெயர்ந்ததாக ஐ.நா. அறிவித்தது. ஸகாத் கொடுத்து வந்த குடும்பங்களும் கூடாரத்தில் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாயின.

சொத்துடையோராய் இருந்தவர்களுக்கு ஸகாத் கொடுக்கலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். சொத்து அழிந்தோ, கைக்கெட்டாமலோ போனவர் வறியவரே. திருக்குர்ஆன் (9:60) கூறும் எட்டுப் பிரிவினரில் வறியவர், கடனாளி, வழிப்போக்கர் ஆகியோர் அடங்குவர்.

கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுமா? வங்கிகள் சிதைந்து ரொக்கம் அருகியதால், 2025ஆம் ஆண்டில் அங்கே பணத்தைக் கையில் பெறுவதற்கே 40 விழுக்காடு வரை தரகு பிடிக்கப்பட்டது. அவ்வாறெனில், ஆயிரம் ரூபாயில் அறுநூறே அக்குடும்பத்தைச் சேரும். எனவே பணம் எவ்வழியில் செல்கிறது, எவ்வளவு சென்று சேர்ந்தது என்று வசூலிப்போரிடம் கேளுங்கள். அமானிதத்தைப் பேணும் பொறுப்பு இருசாராருக்கும் உண்டு.

மதீனாவில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, மக்காவைத் துறந்து வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார். வீடிழந்தவர் தன்மானத்தை இழப்பதில்லை. ஆகவே, உணவுக்குக் கையேந்தும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். கணக்கை மட்டும் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் தர்மத்தை ஏற்று, அவர்களின் துயர் நீக்குவானாக! ஆமீன்.