பாப்பாவின் இடுப்பைப் பார்த்தீர்களா?

குழந்தை பிறந்ததும் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்! விரல் பத்தும் இருக்கிறதா, மூக்கு யார் ஜாடை, நிறம் யார் மாதிரி... ஆனால், "இடுப்பு மூட்டு சரியா இருக்கா டாக்டர்?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

கிண்ணத்தில் பந்து உட்கார்ந்திருப்பதுபோல், தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருக்க வேண்டும். சில சிசுக்களுக்குக் குழி ஆழமில்லாமல் இருக்கும், பந்து நழுவிவிடும். வலி கிடையாது, குழந்தை அழாது. அதனால் நமக்கும் தெரிவதில்லை.

உறையூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் மகள், ஒன்றேகால் வயதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். "போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள் வீட்டில். எக்ஸ்ரேயில் பார்த்தால், மூட்டு முழுக்க விலகியிருந்தது! ஆபரேஷன், மாவுக்கட்டு என்று அந்தத் தாய் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், பெரும்பாலும் 'பாவ்லிக்' என்ற வார்ப்பட்டையைச் சில வாரங்கள் போட்டாலே போதும். அது கால்களை மடக்கி விரித்தாற்போல் வைத்திருக்கும். பந்தும் கிண்ணமும் பொருந்தி வளரும்.

பெண் குழந்தை, தலைச்சன் பிள்ளை, வயிற்றில் தலை மேலாகவும் புட்டம் கீழாகவும் இருந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறை இருந்த குழந்தை - இவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். துணி மாற்றும்போது ஒரு கால் சரியாக விரியவில்லையா? ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா? தள்ளிப் போடாதீர்கள்.

டாக்டர் கால்களை மெல்ல மடக்கி, விரித்துப் பார்ப்பார். இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஆர்டோலானி 1937-ல் விவரித்த சோதனை இது. நாமே வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. சந்தேகமிருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். முதல் சில மாதங்களில் மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும் கால்களை நீட்டி, துணியில் இறுக்கிச் சுற்றும் பாட்டிகள் உண்டு. "அப்பத்தான்டி கால் நேரா வரும்" என்பார்கள். அது தேவையே இல்லை, மூட்டுக்குக் கெடுதல். ஜப்பானில் 1975-ல் இந்த மாதிரிப் பழக்கங்களுக்கு எதிராகப் பிரசாரம் தொடங்கிய பின், இந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்தது. சுற்றத்தான் வேண்டுமென்றால் கைகளைச் சுற்றி, கால்களைத் தளர்வாக விடுங்கள். பாட்டிகளின் இன்னொரு வழக்கம் அருமையானது: கழுத்து நின்ற பிள்ளையை இடுப்பில், இரண்டு பக்கமும் கால் போட்டுத் தூக்கிக்கொள்வது. அம்மா மண்டபம் படித்துறையில் தினமும் பார்க்கலாம். மூட்டுக்கு நல்ல நிலை அதுதான்.

மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் பரிசோதனைத் திட்டமான 'ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம்' பட்டியலில் இந்தக் குறையும் உண்டு. திருச்சி அரசு ஆஸ்பத்திரியானாலும் சரி, வீட்டருகே உள்ள டாக்டரானாலும் சரி, பிறந்ததும் ஒருமுறை, ஆறாவது வாரத் தடுப்பூசியின்போது ஒருமுறை, "இடுப்பையும் பார்த்துடுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.