குளம், கரை: நீச்சல் குளத்தில் சிறுவர்க்கு ஏற்ற விளையாட்டுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளங்களையும் பெங்களூரு நெடுஞ்சாலையோரப் பொழுதுபோக்குப் பூங்காவையும் நாடுகின்றன. நீர் விளையாட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் தருவது. ஆயினும், எதை எவ்வாறு விளையாடுவது என்பதைப் பெரியவர்களே தீர்மானித்தல் வேண்டும்.

தமிழ்ச் சிறுவர்க்கு நீர் விளையாட்டு புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாடலில் முதுமையுற்ற புலவர் தொடித்தலை விழுத்தண்டினார், இளமையில் மருதமரக் கிளையிலிருந்து ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாள்களை எண்ணி ஏங்குகிறார். இன்றைய சிறுவர் குளத்தின் அடியில் வண்ண வளையங்களைத் தேடி எடுப்பதும் அதே விளையாட்டுதான். இடுப்பளவு நீரில், ஒருவர் பின் ஒருவராக, ஒரு மூச்சுக்கு ஒரு வளையம் என்று ஆடினால் போதும்.

"யார் நெடுநேரம் மூழ்கியிருப்பது?" என்ற போட்டியாக அது மாறும்போதுதான் ஆபத்து நேர்கிறது. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சு விடத் தூண்டுவது அந்த வாயுவே. தூண்டுதல் எழும் முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, பிள்ளை நீருக்குள் மயங்கக்கூடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்க்கும் இது நேரும். ஆகவே மூச்சடக்கும் போட்டியை அறவே தவிர்க்க வேண்டும்.

பின்வரும் விளையாட்டுகள் மகிழ்ச்சியோடு பயிற்சியும் அளிப்பவை:

குளம், கரை: தெருவில் ஆடும் அதே விளையாட்டு. "குளம்" என்றால் முகத்தை நீரில் நனைக்க வேண்டும். "கரை" என்றால் குளத்தின் விளிம்பைப் பற்ற வேண்டும். தடுமாறும்போது விளிம்பை நாடும் பழக்கம் இதனால் படியும்.

நட்சத்திரம்: கைகால்களை விரித்து மல்லாந்து மிதத்தல். பெரியவர் முதுகைத் தாங்கிப் பத்து வரை எண்ணலாம்.

குமிழி: நீரில் வாய்வைத்து ஊதுதல். நீருக்குள் மூச்சை வெளிவிடக் கற்பிக்கும்.

பந்து எறிதல்: மார்பளவுக்கு மேற்படாத நீரில், வட்டமாக நின்று ஆடுவது.

மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்குத் திணறுகையில் குரல் எழாது. எனவே ஒரு பெரியவர் கைபேசியை ஒதுக்கிவைத்துக் கண்காணிக்க வேண்டும். சிறு குழந்தைகள் அவருடைய கையெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகள் உயிர்காப்புக் கருவிகள் அல்ல.

வலிப்பு, இதயக் கோளாறு, செவிப்பறைத் துளை, ஆறாத அறுவைக் காயம் ஆகியவை உள்ள பிள்ளைகள் மருத்துவரைக் கேட்ட பின்னரே குளத்தில் இறங்க வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது.

எவரேனும் தத்தளித்தால் பயிற்சியற்றவர்கள் உடனே குதிக்கலாகாது. 2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய இளைஞர் நால்வருள் இருவரை, மூன்று பெண்கள் தம் சேலைகளை வீசிக் கரைசேர்த்தனர். சேலை, துண்டு, கழி என எது கிடைப்பினும் நீட்டலாம். வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சில்லையெனில் 108ஐ அழைக்கச் செய்து, பயிற்சி பெற்றவர் உடனே செயற்கை மூச்சும் மார்பு அழுத்தமும் தர வேண்டும். தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் விலைமதிப்பற்ற நேரத்தை வீணாக்கும்.

இவ்விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், இறங்குமுன் இரண்டை முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்று என்ன விளையாட்டு? கண்காணிப்பவர் யார்?