ஹைட்ரஜனை இழுத்து மீத்தேனை விடும் மூச்சு

மூச்சு என்றாலே ஆக்சிஜன் என்று நினைக்கிறோம். ஆனால் மாட்டின் முதல் இரைப்பையிலும் சதுப்பு நிலச் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்து மீத்தேனை வெளிவிடுகின்றன. ஷிவனெல்லா பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவே போதும். ஒரு பொருளிடம் எலெக்ட்ரானை வாங்கி இன்னொன்றிடம் சேர்த்து, இடையில் கிடைக்கும் ஆற்றலைப் பிடித்துக்கொள்வதே சுவாசம். நாம் எலெக்ட்ரான் தரும் பொருளை உண்டு, அதை வாங்கும் பொருளை மூச்சில் இழுக்கிறோம். வேற்றுலகில் இது தலைகீழாக நடக்கத் தடையில்லை.

சனியின் நிலவான டைட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 179 டிகிரி செல்சியஸ்; காற்றழுத்தம் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கு. சூரிய ஒளி மேல் வளிமண்டலத்தில் மீத்தேனைச் சிதைப்பதால் ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் உருவாகின்றன. ஹைட்ரஜனைச் சுவாசித்து அசிட்டிலீனை உண்ணும் உயிர், ஒரு மோல் அசிட்டிலீனுக்குச் சுமார் 334 கிலோஜூல் ஆற்றல் பெறலாம் என்று விஞ்ஞானிகள் கிறிஸ் மெக்கேயும் ஹெதர் ஸ்மித்தும் 2005-இல் கணக்கிட்டார்கள். அப்படியொன்று வாழ்ந்தால் தரையருகே ஹைட்ரஜன் குறையவேண்டும் என்றும் சொன்னார்கள். சரிபார்க்கக்கூடிய கணிப்பாக இருப்பதே இந்தக் கற்பனையின் பெருமை. 2010-இல், காசினி விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு, ஹைட்ரஜன் கீழிறங்கித் தரையில் மறைவதாக விஞ்ஞானி டாரெல் ஸ்ட்ரோபெல் கணக்கிட்டார்.

இத்தனை குளிரில் வேதிவினையே நடக்காதே என்று கேட்கலாம். அந்த வினை தானாக நடக்காததால்தான் அசிட்டிலீன் உணவாகிறது. தானே நடந்து முடிந்துவிட்டால் உயிருக்கு என்ன மிஞ்சும்? உயிரில்லாத ஏதோவொரு வினையூக்கியே ஹைட்ரஜனைத் தீர்த்துவிடலாம் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதை மறுக்க இன்று நம்மிடம் சான்றில்லை. செல் சவ்வோ இன்னும் பெரிய சிக்கல். நம் கொழுப்புச் சவ்வுகள் தண்ணீரில் உருவாகிறவை, டைட்டனின் ஏரிகளிலுள்ள திரவ மீத்தேனில் அவை நிற்கமாட்டா. அக்ரிலோநைட்ரைல் மூலக்கூறுகளால் மாற்றுச் சவ்வு அமையலாம் என்று கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2015-இல் கணினி மாதிரி காட்டியது. அந்த மூலக்கூறு டைட்டனின் காற்றில் இருப்பதும் 2017-இல் உறுதியானது. ஆனால் 2020-இல் வெளியான இன்னொரு கணக்கீடு, அச்சவ்வு தானாகக் கூடி உருவாகாது என்றது. சவ்வில்லாமல் உயிர் வாழுமா என்ற கேள்வி இதனால் மேலும் கூர்மையடைந்திருக்கிறது. 2028-இல் ஏவத் திட்டமிடப்பட்டிருக்கும் நாசாவின் டிராகன்ஃப்ளை விண்கலம், அந்த ஏரிகளை விட்டு நிலநடுக்கோட்டுப் பகுதியின் மணற்குன்றுகளில்தான் இறங்கும். ஆனாலும் தரையருகே ஹைட்ரஜனை அளக்கும் உணரியை அது கொண்டுசெல்கிறது.