கடைமடைக் குளத்துக்கும் மலைக்காட்டுக்கும் என்ன தொடர்பு?

1987 நவம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ஒரு குழுவும் மகாராஷ்டிராவின் நவாப்பூரிலிருந்து இன்னொரு குழுவும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க நடைப்பயணம் புறப்பட்டன. வழியெங்கும் ஊர் மக்களிடம் பேசியபடி நடந்து, 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தார்கள். பல சிறு அமைப்புகள் சேர்ந்து நடத்திய இயக்கம் இது.

மலைக்காரர்கள் பிரச்சினை என்று நாஞ்சில் நாட்டு நெல் விவசாயிகள் இதில் ஒதுங்கிவிட முடியாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்கு நீர் அந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. காடு மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, ஓடைகளில் மெல்ல விடும். மரம் போனால் மழை பெய்த அன்றே வெள்ளம். கூடவே மண்ணும் வந்து அணையிலும் கால்வாயிலும் குளத்திலும் படியும். ஒரு ஏக்கர் குளத்தில் ஒரு அடி வண்டல் சேர்ந்தால் சுமார் 12 லட்சம் லிட்டர் நீருக்கு இடமில்லாமல் போகும். கும்பப்பூ கதிர் பால் பிடிக்கும்போது கடைமடையில் தட்டுப்படுவது அந்தத் தண்ணீர்தான்.

சரிவு நிலத்தில் ரப்பர், வாழை, மரச்சீனி போடுபவர்கள் சரிவுக்குக் குறுக்கே வரிசை அமையுங்கள். இளம் ரப்பர் தோட்டத்தில் பியூரேரியா மூடுபயிரும், ஓடைக்கரையில் வெட்டிவேரும் நல்லது. மரச்சீனி பிடுங்கிய நிலத்தை மழைக்காலத்தில் வெறுமையாக விடாதீர்கள். கிளறிய மண் எளிதில் கரையும். குளத்தில் ஏற்கெனவே படிந்த வண்டலை வட்டாட்சியர் அனுமதி பெற்று எடுத்து வயலில் போடலாம்.