இணையக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் சாதனங்கள்

புது தில்லியில் 1952-ஆம் ஆண்டு இந்திய தேசிய விஞ்ஞான ஆவண மையம் நிறுவப்பட்டது. யுனெஸ்கோவின் உதவியுடன் தோன்றிய இம்மையத்தின் முக்கியப் பணிகளுள் ஒன்று, ஆராய்ச்சியாளர்கள் கேட்கும் விஞ்ஞானக் கட்டுரைகளைத் தேடியெடுத்து, அவற்றின் நிழற்படப் பிரதிகளை அனுப்புவதாகும். தமக்கு வேண்டிய கட்டுரை எந்தச் சஞ்சிகையில் எந்தப் பக்கத்தில் வெளிவந்தது என்பதை ஓர் ஆராய்ச்சியாளர் அறிந்திருக்கலாம். எனினும், அச்சஞ்சிகை அவருக்கு எட்டும் நூலகத்தில் இல்லாவிடில் அக்குறிப்பினால் விளையும் பயன் சிறிதே. பிரதி கைக்கு வந்த பின்னரே அவர் கட்டுரையைப் பயன்படுத்த முடிந்தது.

இன்று விஞ்ஞானச் செய்திகளும் கட்டுரைகளும் பெருமளவில் இணையத்தில் வெளிவருகின்றன. பேருந்தில் செல்லும் மாணவர் ஒருவரின் கைப்பேசியில் நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் படுகிறது. அதனை முழுதும் படிக்க அப்போது அவகாசமில்லை. இத்தகைய கட்டுரைகளைப் பின்னர்ப் படிப்பதற்காகச் சேமித்து வைக்கும் செயலிகள் பல உள்ளன. ஒரு பொத்தானைத் தொட்டவுடன் கட்டுரை சேமிக்கப்பட்டது என்ற அறிவிப்புத் தோன்றுகிறது. ஆனால் உண்மையில் சேர்ந்தது கட்டுரையா, அன்றி அதன் முகவரி மட்டுமா? செயலியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் ஆராய வேண்டியது இதுவே.

முகவரிகளின் ஆயுள்

இணைய முகவரி நிலையானதன்று. பக்கத்தை வெளியிட்ட ஸ்தாபனம் தன் தளத்தை மாற்றியமைக்கலாம், முகவரிக்குரிய ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தாது விடலாம், தளத்தையே மூடிவிடலாம். அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ஆம் ஆண்டில் இருந்த இணையப் பக்கங்களுள் 38 சதவீதம் பத்து ஆண்டுகளுக்குப் பின் கிட்டவில்லை. ஆகவே, முகவரியை மட்டும் சேமிக்கும் சாதனத்தில் இன்று சேர்த்தவற்றுள் கணிசமான பகுதி காலப்போக்கில் பயனற்றுப்போகும் என்று எதிர்பார்க்கலாம்.

பழைய பக்கங்களைக் காக்கும் பொது முயற்சியும் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் ஸ்தாபனம் இணையப் பக்கங்களின் பிரதிகளைத் திரட்டி வருகிறது. 2001 முதல் அவை பொதுமக்களின் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. ஆயினும், எல்லாப் பக்கங்களும் அங்குச் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது.

கட்டுரையைப் பிரித்தெடுக்கும் முறை

இணையப் பக்கம் ஒன்றில் கட்டுரை மட்டும் இருப்பதில்லை. விளம்பரங்கள், பிற பக்கங்களுக்கு இட்டுச்செல்லும் இணைப்புகள், வாசகர் கருத்துகள் ஆகியவையும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. இவற்றினின்று கட்டுரையைக் கணிப்பொறி எவ்வாறு பிரித்தறிகிறது?

2009-இல் ஆர்க்90 என்னும் அமெரிக்க நிறுவனம் ரீடபிலிட்டி என்ற சிறு நிரலை வெளியிட்டது. அதன் முறை எளியது. பக்கத்திலுள்ள ஒவ்வொரு பத்திக்கும் மதிப்பெண் வழங்கப்படுகிறது. 25 எழுத்துக்குறிகளுக்குக் குறைந்த பத்திகள் கணக்கில் சேரா. ஏனைய ஒவ்வொன்றுக்கும் அடிப்படையாக ஒரு மதிப்பெண். அதிலுள்ள ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண். நீளத்திற்காக நூறு குறிகளுக்கு ஒன்று வீதம், மூன்றுக்கு மேற்படாமல் மதிப்பெண். 450 குறிகளும் ஆறு காற்புள்ளிகளும் உள்ள பத்தி இவ்வாறு பத்து மதிப்பெண் பெறும். பத்திகளின் மதிப்பெண்கள் அவற்றைத் தாங்கி நிற்கும் பகுதிக்குச் சேர்க்கப்படுகின்றன. அப்பகுதியின் எழுத்துகளில் பெரும்பங்கு இணைப்புகளாயின், அந்த விகிதப்படி மொத்தம் குறைக்கப்படும். பத்தில் ஒன்பது பங்கு இணைப்புகளாக இருப்பின் பத்து மதிப்பெண் ஒன்றாகிவிடும். இறுதியில் மிகுந்த மதிப்பெண் பெற்ற பகுதியே கட்டுரை என்று கொள்ளப்படுகிறது.

ரீடபிலிட்டி என்ற பெயரில் நடைபெற்ற சேமிப்புச் சேவை 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதன் நிரல் யாவரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டிருந்தமையால் அழியவில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியில் வாசிப்புக்கென அமைந்த பார்வை அந்நிரலின் வழிவந்ததே.

இம்முறை பொதுவாக நன்கு இயங்கினும் குறைபாடுகள் உடையது. அட்டவணைகள், படங்களின் கீழுள்ள விளக்கங்கள், கணிதச் சமன்பாடுகள் முதலியன சில வேளைகளில் விடுபட்டுப்போகின்றன. செய்திக் கட்டுரைக்கு இது பெரிய நஷ்டமன்று. விஞ்ஞானக் கட்டுரைக்கோ, சமன்பாடு விடுபட்டால் பொருளே விடுபட்டதாகும்.

பக்கத்தைப் பெறும் வழியிலும் வேற்றுமை உண்டு. சில செயலிகளில், முகவரி மட்டும் செயலியை நடத்தும் ஸ்தாபனத்தின் கணிப்பொறிக்குச் செல்கிறது. அக்கணிப்பொறி தானே பக்கத்தைச் சென்று எடுக்கிறது. சந்தா செலுத்தியோருக்கு மட்டும் திறக்கும் பக்கமாயின், முதற்பத்தி மட்டுமே அதற்குக் கிட்டும். வேறு சிலவற்றில், வாசகரின் உலாவியில் தோன்றும் பக்கமே பிரதி எடுக்கப்படுகிறது. வாசகர் கண்டது கண்டவாறே நிற்பதால் இரண்டாவது வழி அதிக நம்பிக்கைக்குரியது.

தமிழ் எழுத்துகளின் நிலை

தமிழ் வாசகர் தனியே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. யூனிக்கோடு முறை பரவுவதற்கு முன்னர், தமிழ்த் தளங்கள் பலவும் தத்தமக்குரிய எழுத்துருக்களைக் கையாண்டன. அவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்கள் அமைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இருக்கும் வரையில் திரையில் தமிழ் தோன்றும். சேமிக்கும் செயலியோ பக்கத்தின் எழுத்துருவை நீக்கித் தன் எழுத்துருவைப் புகுத்துகிறது. அப்போது எஞ்சுவது பொருளற்ற அயல் எழுத்துகளின் வரிசையே. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடு முறையை ஏற்றது. இன்று வெளிவரும் பக்கங்களில் இவ்விடர் அரிது. பழைய பக்கங்களைச் சேமிக்கும்போது அவற்றைப் படமாகவோ பி.டி.எப். கோப்பாகவோ வைத்துக்கொள்வது நலம்.

இடப் பற்றாக்குறை பற்றிய அச்சம் தேவையில்லை. இணையத்தில் பரவலாக வழங்கும் யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஆயிரம் சொற்கள் கொண்ட தமிழ்க் கட்டுரைக்கு ஏறத்தாழ 25 கிலோபைட் போதும். படங்கள் நீங்கலாக, இத்தகைய ஆயிரம் கட்டுரைகள் 25 மெகாபைட் அளவில் அடங்கிவிடும்.

சேவைகளும் மறைகின்றன

கட்டுரையின் பிரதியையே சேமிக்கும் செயலியாயினும், அச்செயலி நிலைத்திருக்குமா என்ற கேள்வி எஞ்சுகிறது. 2007-இல் ‘ரீட் இட் லேட்டர்’ என்ற பெயருடன் தோன்றி, 2012-இல் பாக்கெட் என்று பெயர் மாறிய சேவை உலகெங்கும் பரவியிருந்தது. 2017-இல் ஃபயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொஸில்லா நிறுவனம் அதனை வாங்கியது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அச்சேவை நிறுத்தப்பட்டது. சேமித்தவற்றை எடுத்துச் செல்லச் சில மாத அவகாசம் அளிக்கப்பட்டது. ஆனால் வாசகர் பெற்ற கோப்பில் தலைப்பும் முகவரியும் குறிச்சொற்களும் இருந்தனவேயன்றிக் கட்டுரைகள் இல்லை. பத்து ஆண்டுகள் சேர்த்து வைத்த ஒருவர், எவ்வெவை இன்னும் திறக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டிய நிலை உண்டாயிற்று.

ஆம்னிவோர் என்ற மற்றொரு செயலியை நடத்தியோர் 2024-இன் இறுதியில் வேறொரு நிறுவனத்துடன் இணைந்தனர். அறிவித்த சில வாரங்களுக்குள் சேவை நின்றது. எனினும் அதன் நிரல் திறந்த மூல நிரலாதலின், விரும்புவோர் அதனைத் தம் கணிப்பொறியில் இயக்க வழி இருந்தது.

தேர்வுக்குரிய சோதனைகள்

இச்சாதனங்களை மூவகையாகக் கொள்ளலாம். முதல் வகையில் ஒரு நிறுவனம் தன் கணிப்பொறியில் கட்டுரைகளை வைத்துக் காக்கிறது. 2008-இல் தோன்றிய இன்ஸ்டாபேப்பர் இவ்வகையினது. இது பழகுவதற்கு எளிது. ஆனால் வாசகர் என்னென்ன படிக்கிறார் என்பதை நிறுவனம் அறியக்கூடும். இரண்டாம் வகை, வாசகரோ ஒரு கல்லூரியோ தமது சொந்தக் கணிப்பொறியில் நிறுவி நடத்தத்தக்கது; பிரான்ஸில் தோன்றிய வாலாபேக் என்னும் திறந்த மூல நிரல் இதற்கு உதாரணம். இதனைப் பேணுவதற்குத் தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும். மூன்றாம் வகையில் பிரதிகள் வாசகரின் கணிப்பொறியிலேயே தங்குகின்றன. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான ஜொட்டேரோ, இணையப் பக்கத்தின் பிரதியுடன் ஆசிரியர், ஆண்டு முதலிய விவரங்களையும் சேர்த்து வைப்பதால் ஆராய்ச்சி மாணவர்க்கு ஏற்றது.

எவ்வகையாயினும், தேர்ந்தெடுக்குமுன் நான்கு சோதனைகளைச் செய்து பார்க்கலாம். ஒன்று: கட்டுரை ஒன்றைச் சேமித்து, இணைய இணைப்பைத் துண்டித்து, பின் திறந்து பார்த்தல். இரண்டு: அட்டவணையும் சமன்பாடும் உள்ள ஒரு கட்டுரையையும், நீண்ட தமிழ்க் கட்டுரை ஒன்றையும் சேமித்து, மூலத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுதல். மூன்று: கட்டுரையின் நடுவிலுள்ள ஒரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடுதல். நான்காவது சோதனையே தலையாயது: சேமித்த அனைத்தையும் வெளியே எடுக்கும் வசதியை முதல் நாளிலேயே இயக்கி, கிடைத்த கோப்பைச் செயலியின் துணையின்றித் திறந்து பார்த்தல். அதில் கட்டுரை முழுமையாக இருப்பின் செயலியை நம்பித் தொடங்கலாம். முகவரிகள் மட்டும் இருப்பின், அது குறிப்பேடாக உதவும், களஞ்சியமாகாது.

இவ்வாறு எடுத்த கோப்பை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வேறொரு கருவியில் பிரதி செய்து வைத்தல் நன்று. நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகத்திற்காக நியாயமான அளவில் கையாளுதலை அனுமதிக்கிறது. பிரதியைப் பொதுவில் வெளியிடுவதற்கு அது உரிமம் ஆகாது.

முன்னாளில் ஆவண மையத்துக்கு எழுதிப் பிரதி வரும்வரை காத்திருந்தவர், அக்கட்டுரை தமக்கு மெய்யாகவே தேவைதானா என்று எண்ணிய பின்னரே எழுதினார். பொத்தானைத் தொடும் வாசகருக்கு அவ்வாறு எண்ண வேண்டிய அவசியம் நேர்வதில்லை. ஆகவே படிக்கப்படாத கட்டுரைகள் பெருகுகின்றன. வெளியே எடுக்கும் அதே நாளில், இனிப் படிக்கப்போவதில்லை என்று தோன்றுபவற்றை நீக்கிவிடுவது, எஞ்சியவற்றைப் படிப்பதற்குத் துணை செய்யும்.