வலிக்காமலே கெடும் சிறுநீரகம்

இடுப்பு வலித்தால் "கிட்னியில் கோளாறோ?" என்று பயந்து ஓடுகிறோம். கல் அடைத்தாலோ கிருமி தொற்றினாலோ வலிக்கும், உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் அரித்துக் கெடுக்கும் சிறுநீரகம் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால்தான் டயாலிசிஸ் தேவைப்படும் கட்டத்தில் முதன்முதலாகச் சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பவர்கள் இத்தனை பேர்.

நுரை நிற்கிறதா?

சிறுநீர் வேகமாக விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் நுரைக்கும், உடனே கலைந்துவிடும். நாள்தோறும் கட்டி, கலையாமல் நிற்கும் நுரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை பழுதானால், ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகும். கண்ணுக்கு நுரை தெரியும் முன்பே பரிசோதனையில் இந்த ஒழுக்கு பிடிபட்டுவிடும்.

வயதின் மேல் பழி

காலையில் கண்ணைச் சுற்றி உப்பல், மாலையில் கணுக்கால் வீக்கம், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் "வயசாகிவிட்டது" என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. பசியின்மை, குமட்டல், தீராத அரிப்பு, ரத்தசோகை எல்லாம் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு வருபவை.

சர்க்கரை தானாகக் குறைந்தால்

பலரும் மகிழ்ந்துபோகும் அறிகுறி இது. சாப்பாடும் மருந்தும் மாறாமலே சர்க்கரை இறங்குகிறது, அடிக்கடி லோ சுகர் வருகிறது என்றால் கவனியுங்கள். உடலில் இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது தளர்ந்தால் இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலில் கூடுதல் நேரம் தங்கிவிடும். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

எதைப் பரிசோதிப்பது?

ரத்தத்தில் சேரும் தசைக் கழிவான கிரியாட்டினினின் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. தசை வற்றிய முதியவர்களுக்கு அது சரியாக இருப்பதுபோலவே காட்டும். அதோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) அளவைக் கேளுங்கள். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் போனாலும் எச்சரிக்கைதான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் தாமாக டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்களும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. மருத்துவரிடம் போகும்போது நாட்டு மருந்து, லேகியம் உட்பட நீங்கள் சாப்பிடும் அத்தனையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.