காற்றின் மேல் உட்காரலாமா?

கால் இல்லை, கை இல்லை, முதுகுச் சாய்வும் இல்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. ஆனாலும் பெரிய உடற்பயிற்சிப் பந்தை மேசை முன் போட்டு, அதில் உட்கார்ந்து சிலர் வேலை பார்க்கிறார்கள். காற்று எப்படி ஆளைத் தாங்குகிறது?

வீட்டில் பந்து இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பழைய தமிழ் முரசு செய்தித்தாளைத் தரையில் விரியுங்கள். பந்தின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, உடனே தாளின் மேல் வையுங்கள். அப்பாவோ அக்காவோ பந்தைப் பிடித்துக்கொள்ளட்டும். மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். தாளில் ஓர் ஈர வட்டம் தெரியும். அடுத்து அப்பா உட்கார்ந்தால் வட்டம் இன்னும் பெரிதாகும்.

அந்த வட்டத்தில்தான் விடை இருக்கிறது. உங்கள் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கிலோவைத் தரையில் ஊன்றிய பாதங்கள் தாங்கும். மீதி 25 கிலோ பந்தின் மேல். ஈர வட்டத்தின் விட்டம் 25 செ.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய 500 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ. தாங்குவது வெறும் 50 கிராம்! கார் டயரின் காற்று இதைப்போல் 40 மடங்குக்கு மேல் அழுத்தும். பந்துக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. எடை கூடினால் பந்து அமுங்கி, தரையைத் தொடும் பரப்பை விரித்துக்கொள்கிறது.

அமுங்கினால் உயரம் குறையும் அல்லவா? நம் கணக்கில், 45 செ.மீ. விட்டமுள்ள பந்து மேலும் கீழும் சேர்த்து 7 செ.மீ. போல அமுங்கிவிடும். ஆகவே பெட்டியில் அச்சிட்ட அளவை மட்டும் நம்பாதீர்கள். உட்கார்ந்த பிறகு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பொதுவாக 155 செ.மீ.க்குக் குறைந்த உயரம் உள்ளவர்களுக்கு 45 செ.மீ. பந்து, 170 வரை 55, 185 வரை 65 என்று சொல்வார்கள். தொடக்கநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு 45 போதும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். வீட்டு மேசை பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தது. அதற்கு எட்ட வேண்டும் என்று 65 செ.மீ. பந்து வாங்கினால் உங்கள் கால் தரையைத் தொடாது. உருளும் பந்தில் உங்களை நிலையாக நிறுத்துவது அந்த இரண்டு பாதங்கள்தான். ஆகவே பந்தைப் பெரிதாக்காதீர்கள், மேசையைத் தாழ்வாக்குங்கள்.

சிங்கப்பூர் வெயிலையும் மறக்கக் கூடாது. 25 டிகிரி ஏர்கான் அறையில் காற்றடித்த பந்தை, 32 டிகிரியில் இருக்கும் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனால் உள்ளிருக்கும் காற்று 100 பங்குக்கு 2 பங்கு போல விரியப் பார்க்கும். இது சின்ன மாற்றம்தான். ஆனால் நேர் வெயிலில் சூடேறினால் பந்தின் பிவிசி பிளாஸ்டிக் உறை இளகும். சன்னலோரத்தில் வைக்காதீர்கள். வாங்கும்போது, துளை விழுந்தாலும் டப்பென்று வெடிக்காமல் மெல்லக் காற்று இறங்கும் வகையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

இந்தப் பந்து 1963இல் இத்தாலியில் பிறந்தது. அக்விலினோ கொசானி என்ற பிளாஸ்டிக் உற்பத்தியாளர் உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் உடலியக்கச் சிகிச்சையாளர்கள் அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தியதால் ‘சுவிஸ் பந்து’ என்ற பெயர் வந்தது. நாற்காலி வேலை பிறகுதான் சேர்ந்தது.

அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறதா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 பேரைப் பந்தில் ஒரு மணி நேரம், அலுவலக நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளிவந்தது: தசைகளின் வேலையில் பெரிய மாற்றம் இல்லை, பந்தில்தான் அசௌகரியம் அதிகம். எனவே பந்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள், பிறகு நாற்காலிக்கு மாறுங்கள், நடுவில் எழுந்து நடங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 45 செ.மீ. பந்தில் ஏறத்தாழ 48 லிட்டர் காற்று பிடிக்கும். 65 செ.மீ. பந்தில் 144 லிட்டர். விட்டம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை; காற்று மட்டும் 3 மடங்கானது எப்படி? 65ஐ 45ஆல் வகுத்து, வருவதை அதனாலேயே இரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்.